காலை ஆறு மணிக்கு நிறைவேறிய சட்டம்

1996ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பொழுது புலர்வதற்கு முன்பே தென் கொரியாவின் ஆளுங்கட்சி உறுப்பினர்கள் 150க்கும் மேற்பட்டோர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு சியோலில் உள்ள நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அழைத்துவரப்பட்டார்கள். அப்படியோர் அமர்வு கூடப்போகிறது என்பது எதிர்க்கட்சிகளுக்குத் தெரியாது. காலை ஆறு மணிக்கு அவை கூடியது. சுமார் ஏழு நிமிடங்களில் 11 மசோதாக்கள் நிறைவேறின. அவற்றுள் தொழிலாளர் சட்டத் திருத்தங்களும் இருந்தன. நிர்வாகக் காரணங்களுக்காக ஆட்குறைப்பு செய்யவும், வேலை நேரத்தை நெகிழ்வாக மாற்றவும், வேலைநிறுத்தக் காலத்தில் மாற்று ஆட்களை அமர்த்தவும் அவை வழி செய்தன. இவற்றுக்கு ஈடாகத் தொழிலாளர்கள் எதிர்பார்த்திருந்த ஓர் உரிமை, அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட தேசியத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளைச் சட்டம் ஏற்பது, பல ஆண்டுகளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

தொழிலாளர் சட்டங்களைப் பற்றி எப்போது எழுத உட்கார்ந்தாலும் என் மனம் இந்த ஏழு நிமிடங்களுக்கே திரும்பிவிடுகிறது. பொருளாதாரத்தைத் திறந்துவிடுவதும் சர்வாதிகாரத்திலிருந்து மக்களாட்சிக்கு மாறுவதும் ஒரே காலத்தில் நிகழும் நாடுகளில் தொழிலாளர் சட்டம் இரண்டு பக்கமும் இழுபடுகிறது. சந்தை அதைத் தளர்த்தச் சொல்கிறது. புதிதாக வாக்குரிமையும் பேச்சுரிமையும் பெற்ற மக்கள் அதை வலுப்படுத்தச் சொல்கிறார்கள். இந்த இழுபறியில் எந்தப் பிரிவு சேர்ந்தது, எந்தப் பிரிவு நீங்கியது என்று கணக்கெடுப்பதையே நான் வெகுகாலம் செய்துவந்தேன். எந்த வரிசையில், யார் முன்னிலையில், என்ன கொடுக்கப்பட்டு என்ன எடுக்கப்பட்டது என்ற கேள்வி அந்தக் கணக்கைவிட முக்கியமானது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்கு என்னைக் கொண்டுவந்து சேர்த்தது தென் கொரியாவின் கதை.

அந்தக் கதையை 1996இல் தொடங்கினால் பாதிதான் புரியும். தென் கொரியாவின் தொழிலாளர் தரநிலைச் சட்டம் 1953இல், கொரியப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டிலேயே இயற்றப்பட்டது. எட்டு மணி நேர வேலை, வார விடுமுறை, காரணமின்றிப் பணிநீக்கம் செய்யத் தடை என்று அக்கால ஏழை நாடு ஒன்றில் எதிர்பார்க்க முடியாத அளவுக்கு அதன் பிரிவுகள் தாராளமானவை. அறுபதுகளின் இறுதியில், சியோலின் அமைதிச் சந்தையில் துணி வெட்டும் தொழிலாளியாக இருந்த ஜியோன் டே-இல் என்ற இளைஞர் அந்தச் சட்டத்தின் பிரதி ஒன்றை வாங்கிப் படித்தார். தாழ்ந்த கூரைகொண்ட பட்டறைகளில், பதின்ம வயதுச் சிறுமிகள் நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரமும் அதற்கு மேலும் பஞ்சுத் தூசிக்கிடையே தைத்துக்கொண்டிருந்ததை அவர் நாள்தோறும் பார்த்துவந்தவர். சீன எழுத்துகள் நிறைந்த சட்ட நடை அவருக்கு எளிதில் விளங்கவில்லை. கல்லூரியில் படிக்கும் நண்பன் ஒருவன் தனக்கு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர் ஏங்கியது பின்னாளில் கொரிய மாணவர் இயக்கத்தையே உலுக்கியது. பட்டறைகளின் நிலையைக் கணக்கெடுத்துத் தொழிலாளர் துறைக்கு மனு கொடுத்தார், பயன் இல்லை. 1970 நவம்பர் 13 அன்று, அந்தச் சட்டப் புத்தகத்தைக் கொளுத்தும் போராட்டத்தை நடத்தப் போன இடத்தில், தன் உடலுக்கே தீ வைத்துக்கொண்டு சந்தைத் தெருவில் ஓடினார். தொழிலாளர் தரநிலைச் சட்டத்தைக் கடைப்பிடியுங்கள், நாங்கள் இயந்திரங்கள் அல்ல என்பதே அவர் எழுப்பிய முழக்கம். அப்போது அவருக்கு வயது 22.

அவர் புதிய சட்டம் எதையும் கேட்கவில்லை என்பதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே இருந்த சட்டத்தைத்தான் கேட்டார். சட்டத்தில் பாதுகாப்பு இருந்தது. அந்தப் பாதுகாப்பைக் கேட்டுப் பெறுவதற்கான குரல் தொழிலாளிக்கு இல்லை. மறு ஆண்டு, 1971 டிசம்பரில், பார்க் சுங்-ஹீயின் அரசு தேசப் பாதுகாப்பின் பெயரால் ஒரு சிறப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து, கூட்டுப் பேரம் பேசும் உரிமையையும் கூட்டு நடவடிக்கை உரிமையையும் அதிகாரிகளின் பிடிக்குள் வைத்தது. 1980இல் ஆட்சியைக் கைப்பற்றிய சுன் டூ-ஹ்வான் ஒவ்வொரு சங்கமும் அந்தந்த ஆலையின் மதில்களுக்குள்ளேயே அடங்கவேண்டும் என்று சட்டத்தை மாற்றினார். ஆலைக்கு வெளியிலிருந்து யாரேனும் வந்து சங்கம் அமைக்க உதவினால் அது மூன்றாம் தரப்பின் தலையீடு என்னும் குற்றமானது. தரநிலைச் சட்டம் மட்டும் புத்தகத்தில் பெரும்பாலும் அப்படியே கிடந்தது.

இது கொரியாவுக்கு மட்டும் உரிய விந்தை அன்று. பிரேசிலின் தொழிலாளர் சட்டத் தொகுப்பை 1943 மே 1 அன்று அறிவித்தவர், நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டு ஆண்டுகொண்டிருந்த கெட்டூலியோ வர்காஸ். சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஸ்பெயினில் வேலையிலிருந்து ஒருவரை நீக்குவது கடினமாக இருந்தது; சுதந்திரமான சங்கம் வைப்பதோ குற்றமாக இருந்தது. இந்தியாவில் பெரிய ஆலைகள் ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி பெறவேண்டும் என்ற விதி தொழில் தகராறுகள் சட்டத்துக்குள் நுழைந்தது 1976இல். நெருக்கடி நிலையால் வேலைநிறுத்தங்கள் ஒடுக்கப்பட்டு, சங்கத் தலைவர்கள் பலர் சிறையில் இருந்த நேரம் அது. குரலைப் பறித்துக்கொண்ட அரசுகள் அதற்கு ஈடாகப் பணிப் பாதுகாப்பை ஏட்டிலேனும் எழுதிக் கொடுத்திருக்கின்றன. இந்த நாடுகளில் மக்களாட்சியும் திறந்த சந்தையும் வந்தபோது, பழைய பேரத்தைத் திருப்பிப் போட்ட புதிய பேரம் ஒன்று தொழிலாளர் முன் வைக்கப்பட்டது: உங்கள் குரலை எடுத்துக்கொள்ளுங்கள், பாதுகாப்பைத் திருப்பிக் கொடுங்கள்.

இந்தப் பேரமே அநியாயமானது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அவர்களில் ஒருவன் அல்லன். ஓர் ஆலை நட்டத்தில் மூழ்கும்போது அதைக் குறுக்கவோ மாற்றவோ வழியே இருக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. வேலையிழந்தவருக்குக் காப்பீடும் மறுபயிற்சியும் உறுதியாக இருக்கும் சமுதாயத்தில், ஒரு குறிப்பிட்ட நாற்காலியைக் காப்பதைவிட அதில் உட்கார்ந்திருக்கும் மனிதரைக் காப்பது மேலானது என்ற வாதத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இரண்டு பக்கமும் கையில் உள்ளதை மேசைமேல் வைத்தால்தான் அது பேரமாகும். 1996 டிசம்பரில் நடந்தது பேரம் அன்று என்பதே என் முறையீடு.

அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் கொரியத் தொழிலாளர்கள் தங்கள் குரலைத் தெருவில்தான் சம்பாதித்தார்கள். 1987 ஜூன் மாதப் பேரெழுச்சிக்குப் பணிந்து ஆளுங்கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளர் ரோ டே-வூ ஜூன் 29 அன்று நேரடித் தேர்தலுக்கு ஒப்புக்கொண்ட கையோடு, உல்சானின் கப்பல் கட்டும் தளங்களிலும் கார் ஆலைகளிலும் தொடங்கிய வேலைநிறுத்தங்கள் நாடெங்கும் பரவின. அந்த ஓராண்டில் மட்டும் 3,749 தொழில் தகராறுகள் பதிவாயின. 1989இல் சங்க உறுப்பினர் விகிதம் 19.8 சதவீதத்தைத் தொட்டது. அதன்பின் அது அந்த உயரத்தை எட்டவே இல்லை, 2010இல் 9.8 சதவீதமாக இறங்கியது. அரசு ஏற்ற ஒரே கூட்டமைப்புக்கு வெளியே வளர்ந்த சங்கங்கள் ஒன்றுகூடி 1995 நவம்பரில் கொரியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பை நிறுவின. சட்டத்தின் பார்வையில் அப்படியோர் அமைப்பே இல்லை. 1991இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பில் சேர்ந்திருந்த கொரியா, பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் கதவையும் தட்டிக்கொண்டிருந்தது. உங்கள் தொழிலாளர் சட்டத்தைப் பன்னாட்டுத் தரத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று அங்கிருந்தும் கேட்டார்கள்.

ஆகவே 1996 மே மாதம் குடியரசுத் தலைவர் கிம் யங்-சாம் அமைத்த தொழிலுறவுச் சீர்திருத்த ஆணையம் உண்மையிலேயே ஒரு நல்வாய்ப்பு. வேலையளிப்போர், தொழிலாளர், பொதுநலப் பிரதிநிதிகள் என எல்லோரும் அதில் இருந்தார்கள். சட்டம் ஏற்காத கூட்டமைப்பும் அழைக்கப்பட்டது. பல மாதங்கள் பேசினார்கள். பல விஷயங்களில் உடன்பாடு கண்டார்கள். ஆட்குறைப்பிலும் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்களை ஏற்பதிலும் உடன்பாடு காணவில்லை. அந்த இடத்தில் பொறுமையோடு இன்னும் சில மாதங்கள் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. டிசம்பர் 12 அன்று கொரியா அந்தப் பணக்கார நாடுகளின் அமைப்பில் முறைப்படி உறுப்பினரானது. அடுத்த இரண்டு வாரங்களில், விடியற்காலையில் ஏழு நிமிடங்கள்.

அன்றே வேலைநிறுத்தம் தொடங்கியது. சட்டபூர்வமான பழைய கூட்டமைப்பும் அதில் சேர்ந்தது. கார் ஆலைகள், கப்பல் தளங்கள், மருத்துவமனைகள், ஒளிபரப்பு நிலையங்கள் எனப் பல லட்சம் பேர் வேலையை நிறுத்தினார்கள். சங்கத் தலைவர்கள் மியோங்டோங் பேராலயத்தின் வளாகத்தில் கூடாரமிட்டுத் தங்கினார்கள். கைது ஆணைகள் கையில் இருந்தும் காவல் துறை உள்ளே நுழையத் தயங்கியது. கழுத்துப்பட்டை அணிந்த அலுவலக ஊழியர்கள் பேரணிகளில் நடந்தார்கள். பேராசிரியர்களும் பாதிரிமார்களும் பிக்குகளும் அறிக்கை விட்டார்கள். ஆட்குறைப்புப் பிரிவின் நுணுக்கங்கள் அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. 1987இல் தாங்கள் பெற்றதாக நினைத்த ஒன்று ஒரு விடியற்காலையில் மீறப்பட்டது என்பது மட்டும் எல்லோருக்கும் விளங்கியது. கிம் யங்-சாம் ஜனவரியில் எதிர்க்கட்சித் தலைவர்களைச் சந்தித்து மறுபரிசீலனைக்கு ஒப்பினார். 1997 மார்ச்சில் சட்டம் புதிதாக எழுதப்பட்டது. தேசிய அளவில் பல கூட்டமைப்புகள் இருக்கலாம் என்பது உடனே ஏற்கப்பட்டது. ஆட்குறைப்புப் பிரிவு இரண்டாண்டுகளுக்கு ஒத்திவைக்கப்பட்டது.

முதன்முறை இதைப் படித்தபோது, கதை இங்கே முடிந்துவிட்டது என்றும் தொழிலாளர் வென்றுவிட்டார்கள் என்றும் மகிழ்ந்தேன். ஓராண்டுகூட அந்த வெற்றி நிற்கவில்லை.

1997 நவம்பர் 21 அன்று கொரிய அரசு பன்னாட்டு நிதியத்திடம் கடன் கேட்டது. டிசம்பர் 3 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தில் நிதியத்தின் பங்கு மட்டும் 2,100 கோடி டாலர். தொழிலாளர் சந்தையின் நெகிழ்வு அதன் நிபந்தனைகளில் ஒன்றாக இருந்தது. அதற்கு இரண்டு வாரங்கள் கழித்து நடந்த தேர்தலில் வென்றவர் கிம் டே-ஜுங்: சர்வாதிகாரிகளால் கடத்தப்பட்டு, மரண தண்டனை விதிக்கப்பட்டு, உயிர்தப்பியவர், தொழிலாளர்கள் தங்களுக்கு நெருக்கமானவராகக் கருதியவர். கிம் யங்-சாமால் முடியாததைச் செய்துமுடிக்கும் பொறுப்பு அவர்மீது விழுந்தது. பதவியேற்பதற்கு முன்பே, 1998 ஜனவரி 15 அன்று, அவர் அரசு, தொழிலாளர், வேலையளிப்போர் அடங்கிய முத்தரப்புக் குழுவைக் கூட்டினார். பிப்ரவரி 6 அன்று உடன்பாடு எட்டப்பட்டது. அவசர நிர்வாகத் தேவை இருந்தால் ஆட்குறைப்பு செய்யலாம். பிற நிறுவனங்களுக்கு ஆட்களை அனுப்பும் முகமைகள் சட்டபூர்வமாகலாம். ஈடாக, ஆசிரியர்கள் சங்கம் அமைக்கலாம்; சங்கங்கள் அரசியலில் ஈடுபடலாம்; வேலையின்மைக் காப்பீடு விரிவாகும். மூன்று நாள் கழித்து, 1995இல் தோன்றிய கூட்டமைப்பின் பிரதிநிதிகள் கூட்டம் இந்த உடன்பாட்டை நிராகரித்தது. கையெழுத்திட்ட தலைமை பதவி விலகியது. ஆயினும் அறிவித்த வேலைநிறுத்தம் நடக்கவில்லை. வேலையின்மை 1997இல் இருந்த 2.6 சதவீதத்திலிருந்து 1998இல் 7 சதவீதத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தபோது, தெருவில் இறங்கும் வலு யாருக்கும் இல்லை. பிப்ரவரி 14 அன்று சட்டம் நிறைவேறியது.

ஒரே பிரிவு, ஏறத்தாழ ஒரே சொற்கள். ஒருமுறை நாடே எழுந்து அதை விரட்டியது. மறுமுறை நாடு அதை விழுங்கிக்கொண்டது. நெருக்கடியின் அச்சுறுத்தலே காரணம் என்று சொல்வது எளிது, பெரும்பகுதி உண்மையும் கூட. ஆனால் அது முழு உண்மை என்று நான் ஏற்கவில்லை. 1998இல் மேசை ஒன்று இருந்தது. அதன்மேல் ஆசிரியர் சங்கம் இருந்தது. அச்சங்கம் 1999இல் உண்மையிலேயே சட்டபூர்வமானது. அதே ஆண்டு இறுதியில் கூட்டமைப்பும் சட்டத்தின் ஏற்பைப் பெற்றது. 1995இல் தொடங்கிய வேலைவாய்ப்புக் காப்பீடு, 1998 அக்டோபருக்குள் மிகச் சிறிய பணியிடங்கள்வரை நீட்டிக்கப்பட்டது. 1999இல் இயற்றப்பட்ட அடிப்படை வாழ்வாதார உறுதிச் சட்டம் மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. கொடுத்ததும் எடுத்ததும் சமம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் குளிர்காலத்தில் வேலையிழந்த ஒரு குடும்பத்தின் முன்னால் நின்று அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஏதோ ஒன்று கொடுக்கப்பட்டது, கொடுத்த வாக்கில் பெரும்பங்கு காப்பாற்றப்பட்டது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். இன்னொன்றையும் சேர்க்கவேண்டும். நிர்வாகக் காரணங்களுக்கான ஆட்குறைப்பை அந்நாட்டு நீதிமன்றங்கள் அதற்கு முன்பே சில நிபந்தனைகளோடு ஏற்றுவந்தன. ஏழு நிமிட அவசரத்தில் அரசு அடைய நினைத்ததில் ஒரு பகுதி ஏற்கெனவே அதன் கையில் இருந்தது.

வரிசை முக்கியம் என்றேன். சிலியில் சந்தை முதலில் வந்தது. சர்வாதிகாரி பினோசெட்டின் ஆட்சி 1979இல் எழுதிய தொழிலாளர் சட்டம், வேலைநிறுத்தம் செய்பவர்களின் இடத்தில் வேறு ஆட்களை அமர்த்த வேலையளிப்பவருக்கு இடம் கொடுத்தது. 1990 மார்ச்சில் மக்களாட்சி திரும்பியது. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகள் அச்சட்டத்தைத் துண்டுதுண்டாகத் திருத்தின. ஆனாலும் மாற்று ஆட்களை அமர்த்தும் வழியை அடைக்க 2016இல் இயற்றிய சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதலில் எழுதியவரின் பேனா அவர் போன பிறகும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் எழுதிக்கொண்டிருந்தது. தென் ஆப்பிரிக்காவில் குரல் முதலில் வந்தது. கறுப்பினத் தொழிலாளர் சங்கங்கள் 1979க்குப் பிறகு சட்டத்துக்குள் வந்து வலுத்து, 1990இலேயே, வாக்குரிமை கிடைப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, தங்களைக் கலந்துகொள்ளாமல் தொழிலாளர் சட்டம் இயற்றப்படாது என்ற ஒப்புதலை அரசிடமிருந்து பெற்றுவிட்டன. 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டம் அந்த மேசையிலிருந்து வந்தது. அங்கே வேலையின்மை கொடுமையாக நீடிப்பதைக் காட்டி அந்தச் சட்டத்தைக் குறைகூறுவோர் பலர். அவர்களின் கேள்வி நியாயமானது. ஆயினும் அந்தச் சட்டம் யாருடையது என்பதில் அங்கே எவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

அர்ஜென்டினாவின் அனுபவம் சுருக்கமானது, கசப்பானது. 2000ஆம் ஆண்டில் நிறைவேறிய தொழிலாளர் சட்டத்துக்காக மேலவை உறுப்பினர்களுக்கு லஞ்சம் கொடுக்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்து, அதே ஆண்டு அக்டோபரில் குடியரசுத் துணைத் தலைவரே பதவி விலகினார். குற்றஞ்சாட்டப்பட்டவர்களை நீதிமன்றம் பின்னாளில் விடுவித்தது. அந்தச் சட்டம் அதற்கு வெகுமுன்பே, 2004இல், நீக்கப்பட்டிருந்தது.

ஸ்பெயினைப் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும், ஏனெனில் மேசை இருந்தும் தவறு நேரக்கூடும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த நாடு. 1977 அக்டோபரில் அரசும் கட்சிகளும் கையெழுத்திட்ட மோன்க்ளோவா ஒப்பந்தங்கள், 1980இல் தொழிலாளர் சாசனம் என்று அங்கே தொடக்கம் முறையாகவே அமைந்தது. வேலையின்மை ஏறியபோது, இருக்கும் நிரந்தரத் தொழிலாளர்களின் பாதுகாப்பைத் தொடாமல், புதிதாக வருவோரைத் தற்காலிக ஒப்பந்தத்தில் எடுக்க 1984இல் கதவு திறக்கப்பட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சம்பளத் தொழிலாளரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தற்காலிகமானார். மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்களுக்குள் சண்டையில்லாமல் முடித்துக்கொண்டார்கள். விலையைக் கொடுத்தவர்கள் அப்போது இன்னும் பள்ளியில் இருந்தார்கள். அதைத் திருத்தும் உடன்பாடு, அரசும் சங்கங்களும் வேலையளிப்போரும் சேர்ந்து கையெழுத்திட்டு, 2021 டிசம்பரில்தான் வந்தது. 2022 பிப்ரவரி 3 அன்று நாடாளுமன்றம் அதை 175க்கு 174 என்ற கணக்கில் ஏற்றது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் தவறுதலாக அழுத்திய ஒரு வாக்கு அந்த வேறுபாட்டை உண்டாக்கியது.

கொரியாவிலும் இதே பிளவு நேர்ந்தது, இன்னும் ஆழமாக. 1998க்குப் பிறகு பெரிய நிறுவனங்களின் நிரந்தரத் தொழிலாளர்களை நீக்குவது சட்டப்படி இயன்றாலும் போராட்டமின்றி நடக்கவில்லை. ஆகவே நிறுவனங்கள் நிரந்தரமாக எடுப்பதையே குறைத்தன. தற்காலிக ஒப்பந்தம், முகமை வழி வேலை, ஆலைக்குள்ளேயே துணை ஒப்பந்த நிறுவனங்கள் என்று வேலை கைமாறியது. ஒரே கார் ஆலையில் இடது சக்கரத்தைப் பொருத்துபவர் நிரந்தரம், வலது சக்கரத்தைப் பொருத்துபவர் துணை ஒப்பந்தம் என்று அந்நாட்டில் ஒரு பேச்சே வழங்கிவந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒருவரைத் தற்காலிகமாக வைத்திருந்தால் அவர் நிரந்தரமாகிவிடுவார் என்று 2007இல் நடைமுறைக்கு வந்த சட்டம் சொன்னது. இரண்டாண்டு முடிவதற்கு முன்பே ஆட்களை மாற்றும் வழக்கம் பல நிறுவனங்களில் அதனாலேயே உருவாயிற்று. ஐந்து பேருக்குக் குறைவானவர்கள் வேலைசெய்யும் இடங்களில், நியாயமற்ற பணிநீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பும் மிகைநேர ஊதியமும் உட்படத் தரநிலைச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் பொருந்துவதே இல்லை. ஜியோன் டே-இல் கணக்கெடுத்ததும் சிறிய பட்டறைகளைத்தான் என்பதை நினைக்கும்போது எனக்கு வார்த்தை வருவதில்லை.

பழைய பேரத்தில் குரல் இல்லை, பாதுகாப்பு இருந்தது. புதிய பேரத்தில் குரல் இருக்கும், பாதுகாப்புக் குறையும் என்றார்கள். தற்காலிக, துணை ஒப்பந்தத் தொழிலாளர்களான இவர்களுக்கோ இரண்டும் இல்லை. தங்கள் ஊதியத்தையும் வேலை நேரத்தையும் உண்மையில் தீர்மானிப்பவரோடு பேச இவர்களுக்கு உரிமையில்லை, ஏனெனில் ஏட்டில் அவர் இவர்களின் வேலையளிப்பவர் அல்லர்.

இந்தியாவின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை இந்தக் கண்கொண்டே பார்க்கிறேன். 29 சட்டங்களை நான்காகச் சுருக்கும் நோக்கத்தில் தவறில்லை. பழைய சட்டங்களின் முரண்களில் சிக்கித் தொழிலாளர்களே அவதிப்பட்டிருக்கிறார்கள். செயலிவழி வேலைசெய்வோருக்கும் சமூகப் பாதுகாப்பு என்ற சொல் முதன்முறையாகச் சட்டத்தில் ஏறியிருப்பதை நான் மதிக்கிறேன். ஆனால் மூன்று தொகுப்புகளை மாநிலங்களவை 2020 செப்டம்பர் 23 அன்று நிறைவேற்றியபோது எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்து வெளியே இருந்தன. நாடே பெருந்தொற்றின் பிடியில் இருந்தது. ஆட்குறைப்புக்கு அரசின் அனுமதி கேட்கவேண்டிய வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300ஆக உயர்ந்தது. வேலைநிறுத்தத்துக்கான முன்னறிவிப்பு எல்லாத் தொழில்களுக்கும் கட்டாயமானது. அதாவது பாதுகாப்பும் குறைந்தது, குரலும் குறைந்தது. இத்தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. சட்டம் இயற்றப்பட்டதற்கும் நடைமுறையானதற்கும் இடையே ஓடிய ஐந்து ஆண்டுகளில் அந்த மேசையைப் போட்டிருக்கலாம் என்பது என் வருத்தம்.

கொரியாவுக்கே திரும்புகிறேன். 2009இல் பியோங்டேக் நகரின் சாங்யோங் கார் நிறுவனம் 2,646 பேரைக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தது. 1998ஆம் ஆண்டின் சட்டப் பிரிவு அதற்கு வழிகொடுத்தது. தொழிலாளர்கள் 77 நாட்கள் ஆலைக்குள் இருந்து போராடினார்கள். காவல் துறையின் சிறப்புப் படை கூரை வழியாக இறங்கி முடித்துவைத்தது. அடுத்த ஆண்டுகளில் அந்தத் தொழிலாளர்களிலும் அவர்கள் குடும்பங்களிலுமாக ஏறத்தாழ முப்பது பேர் தற்கொலையாலும் நோயாலும் இறந்தார்கள். 2013இல் நீதிமன்றம், போராட்டத்தால் நிறுவனத்துக்கும் காவல் துறைக்கும் நேர்ந்த இழப்புக்காகத் தொழிலாளர்கள் சுமார் 470 கோடி வோன் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் ஆட்குறைப்பு செல்லும் என்று சொன்ன நாள் 2014 நவம்பர் 13. ஜியோன் டே-இல் இறந்த அதே தேதி.

அந்த 470 கோடியைப் பற்றிப் படித்த பெண் ஒருவர், ஓர் இதழின் அலுவலகத்துக்கு 47,000 வோன் அனுப்பினார். இப்படி ஒரு லட்சம் பேர் அனுப்பினால் அந்தக் கடன் தீர்ந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. முன்னாளில் சம்பளப் பணம் மஞ்சள் உறையில் தரப்பட்ட வழக்கத்தை நினைவூட்டும் வகையில், அதைத் தொடர்ந்து எழுந்த இயக்கம் மஞ்சள் உறையின் பெயரைச் சூடியது. நன்கொடையில் தொடங்கியது சட்டத்தைத் திருத்தும் கோரிக்கையாக வளர்ந்தது. அதன் சாரம் இது: நேரடி ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் வேலை நிலைமைகளை உண்மையில் கட்டுப்படுத்துபவரும் வேலையளிப்பவரே. துணை ஒப்பந்தத் தொழிலாளர்கள் அவரோடு பேரம் பேசலாம். வேலைநிறுத்தத்துக்காகத் தொழிலாளர்மீது சுமத்தும் இழப்பீட்டுக்கு வரம்பு வேண்டும். இந்தத் திருத்தத்தை நாடாளுமன்றம் இரண்டு முறை நிறைவேற்றியது; அப்போதைய குடியரசுத் தலைவர் யூன் சுக்-யோல் 2023 டிசம்பரிலும் 2024 ஆகஸ்டிலும் அதைத் திருப்பியனுப்பினார். 2025 ஆகஸ்ட் 24 அன்று அது மூன்றாம் முறையாக நிறைவேறி, 2026 மார்ச்சில் நடைமுறைக்கு வருமாறு அறிவிக்கப்பட்டது.

நேர்மையாக ஒன்றைச் சொல்லியாகவேண்டும். இந்த வாக்கெடுப்பிலும் முதன்மை எதிர்க்கட்சி பங்கேற்கவில்லை. வேலையளிப்போர் அமைப்புகள் கடைசிவரை எதிர்த்தன. நான் விரும்பும் சட்டம் என்பதற்காக அந்தக் குறையை மறைக்க மாட்டேன். ஆனால் அன்று அவையின் கதவு திறந்திருந்தது. எதிர்க்கட்சியினர் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, ஏறத்தாழ ஒரு முழு நாள், அந்தச் சட்டம் ஏன் கூடாது என்று நாடு கேட்கப் பேசினார்கள். பேசி முடித்த பிறகே வாக்கெடுப்பு நடந்தது: ஆதரவு 183, எதிர்ப்பு 3.